நாக்கை நீட்டு, லைசென்சை எடு!

மெல்போர்ன் நகரம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ந் தேதி. நமக்குத்தான் டிசம்பர் என்றால் பனி. ஆஸ்திரேலியாவில் அது கோடைக்காலம்.

நகரின் மேற்குப் பகுதியில் ஒரு சாலை. ஓரத்தில் போலீஸ் வண்டி நிற்கிறது. பத்திரிகை நிருபர்கள் கூடியிருக்கிறார்கள். டெலிவிஷன்காரர்கள் காமிராவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். உலகத்தில் எங்கும் நடக்காத ஒரு சோதனை அன்று அங்கே தொடங்குகிறது. போகிற வருகிற கார்களை நிறுத்தி, ஓட்டுகிறவர் போதை மருந்து சாப்பிட்டிருக்கிறாரா என்று சாலையிலேயே, அந்த இடத்திலேயே, பார்த்துவிடுவது!

குடித்துவிட்டு ஓட்டுகிறவரைக் கண்டுபிடிக்க ஊதச் சொல்வார்கள். இது வேறு. இங்கே நாக்கை நீட்டச் சொன்னார்கள். ஒரு சின்னக் கருவியை நாக்கில் தடவி எடுத்தார்கள். ஐந்து நிமிஷத்தில் அது பதில் சொல்லும் என்றார்கள்.

சொல்லியும்விட்டது. சோதனை தொடங்கிய கொஞ்ச நேரத்துக்குள் ஒருவர் மாட்டிக்கொண்டார். உலகத்திலேயே முதல் ஆள்! காமிராக்கள் அவரைச் சூழ்ந்துகொண்டன. அவர் முகம் வீடு வீடாகத் தெரிந்தது. போதை மருந்து சாப்பிட்டு வண்டி ஓட்டியவர் என்று ஊரெல்லாம் பேசினார்கள்.

அவருடைய எச்சில் ரசாயனச் சாலைக்குப் போயிற்று. அங்கே நிதானமாகச் சோதித்துப் பார்த்தார்கள். அதில் போதை மருந்து இல்லை!

முதல் நாளே இப்படி ஆகிவிட்டது. போலீஸார் அசடு வழிந்தார்கள். அது போகட்டும். அந்த மனிதரின் பெயர் கெட்டதே, அதை யார் மீட்டுத் தருவது? அவருக்கும் மனைவி மக்கள், அக்கம் பக்கத்தார் இருக்கமாட்டார்களா?

ஊதினால் போதும்

குடிகாரரைக் கண்டுபிடிப்பது இதைவிட எவ்வளவோ சுலபம். காரணம், சாராயம் தண்ணீரோடு கலந்துவிடும் சரக்கு. வயிற்றிலிருந்து ரத்தத்துக்குப் போகிறது. ரத்தத்தோடு மூளைக்குப் போகிறது. அதே ரத்தம் நுரையீரலுக்கும் போகிறது. அங்கே கொஞ்சம் ஆவியாகி மூச்சோடு வெளியே வருகிறது. வருவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. சுமார் 2,100 பங்கு மூச்சுக் காற்றில் எவ்வளவு சாராயம் இருக்கிறதோ, அவ்வளவு சாராயம் ஒரு பங்கு ரத்தத்தில் இருக்கும். ஆகவே மூச்சை அளந்தால் ரத்தத்தை அளந்த மாதிரி. ரத்தத்தை அளந்தால் கிட்டத்தட்ட மூளையின் தடுமாற்றத்தையே அளந்த மாதிரி.

அமெரிக்காவில் இண்டியானா சர்வகலாசாலையைச் சேர்ந்த ரோலா ஹார்கர் என்ற பேராசிரியர் 1930-களில் ஒரு கருவி செய்தார். அதில் பலூனை ஊத வேண்டும். அதே மாநிலத்துப் போலீஸில் வேலை பார்த்த ராபர்ட் போர்க்கென்ஸ்டைன் என்பவர் 1954-ல் அதைவிடக் கைக்கு அடக்கமான கருவியைச் செய்தார். அதற்குள் மஞ்சள் நிறத் திராவகம் இருக்கும். மூச்சில் சாராயம் இருந்தால் மஞ்சள் வெளுக்கும். எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு குடித்திருக்கிறார் என்று அர்த்தம். அதன் பிறகு, ‘நான் குடிக்கவே இல்லை ஐயா’ என்று சாதிப்பவர்கள் பாடு திண்டாட்டம் ஆகிவிட்டது.

மெல்போர்ன் நகரம் விக்டோரியா மாநிலத்தின் தலைநகரம். சாலை விபத்தோடு போராடுவதில் அந்த மாநிலத்துக்குத் தனிப் பெயர் உண்டு. 1970-ல் மட்டும் அங்கே 1,061 பேர் சாலையில் மாண்டார்கள். அந்த ஆண்டே காரில் எல்லோரும் இடுப்பு வார் கட்டியாக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். உலகத்துக்கே அது முதல். 1976-ல், சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்தக் காரையும் நிறுத்தி ஊதச் சொல்லலாம் என்றார்கள். 2004-ல் சாவு 343-ஆகக் குறைந்திருந்தது. அதற்குள் ஜனங்களும் கார்களும் எவ்வளவு பெருகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

இதையெல்லாம் சாதித்தவர்களுக்கு, ‘கஞ்சாவையும் ஒரு கை பார்த்துவிடலாம்’ என்று தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

வீட்டுக்குள் ஒளியும் திருடன்

ஆனால் கஞ்சா சாராயத்தைப் போல நேர்வழியில் போகிற சரக்கு அல்ல.

கஞ்சாவில் மயக்கம் தருகிற பொருளுக்கு டெட்ராஹைட்ரோகன்னபினால் என்று பெயர். நம் வாயில் நுழையாது. விஞ்ஞானிகளுக்கும் கஷ்டமாக இருந்ததோ என்னவோ, டி.எச்.சி. என்று சுருக்கிவிட்டார்கள்.

இந்த டி.எச்.சி. தண்ணீரில் கரையாது. கொழுப்பில்தான் கரையும். புகையை இழுத்த சில நிமிஷங்களில் ரத்தத்தில் உச்சத்துக்கு ஏறுகிறது. பிறகு ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் மளமளவென்று இறங்கிவிடுகிறது. எங்கே போயிற்று? உடம்பில் உள்ள கொழுப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது. அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, நாள் கணக்கில், ரத்தத்துக்குக் கசிந்துகொண்டிருக்கும்.

இதனால் வருகிற விபரீதத்தைப் பாருங்கள். வழக்கமில்லாதவர் ஒருவர் புகைத்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கார் ஓட்டுகிறார். தலை இன்னும் சுற்றுகிறது. ஆனால் ரத்தத்தில் சரக்கு குறைந்துவிட்டது. இன்னொருவர் தினமும் புகைத்தவர். விட்டுவிட்டார். நாலு நாள் ஆகிறது. தெளிவாக இருக்கிறார். அவர் ரத்தத்தில் சரக்கு இருக்கிறது! அமெரிக்காவில் இப்படிப்பட்ட பழைய புகைகாரர்களை ஆராய்ச்சி நிலையத்துக்குள்ளேயே காவலில் வைத்துப் பார்த்தார்கள். புகையைத் தொடாமல் 30 நாள் இருந்த பிறகும் சிலருடைய ரத்தத்தில் அது தென்பட்டது. 2013-ல் இந்த ஆராய்ச்சி வெளியாயிற்று.

புகைக்காமல் லேகியமாகவோ பண்டமாகவோ தின்றால் கணக்கு இன்னும் மாறும். மயக்கம் வருவதற்கே ஒரு மணி, இரண்டு மணி ஆகும். வந்தால் வெகு நேரம் இருக்கும். ரத்தத்திலோ அவ்வளவாக ஏறாது.

‘இத்தனை அளவுக்கு மேல் இருந்தால் குற்றம்’ என்று கோடு போட முடியாமலா போய்விடும் என்று கேட்கலாம். போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலம் ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் 5 நானோகிராம் என்று வைத்தது. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காகப் போட்டால் அதில் ஒரு பங்குதான் நானோகிராம். இங்கிலாந்தில் 2015 மார்ச் 2 முதல் அமலுக்கு வந்த சட்டத்தில் கோடு 2 என்று இருக்கிறது. கானடாவில் 2018-ல் கோடு இரண்டாகப் போட்டார்கள். 2-க்கு மேல் சிறு குற்றம், 5-ஐ எட்டினால் பெருங்குற்றம். ஒரே கஞ்சா, ஒரே மூளை. தேசத்துக்கு ஒரு கோடு! சாராயத்துக்குக் கோடு போட்டபோது, இந்த அளவில் கை தடுமாறும், இந்த அளவில் கண் தடுமாறும் என்று அளந்து பார்த்துப் போட்டார்கள். கஞ்சாவில் அப்படிப்பட்ட கணக்கு கிடைக்கவில்லை. அமெரிக்க மோட்டார் சங்கத்தாரின் ஆராய்ச்சி நிறுவனமே 2016-ல், இந்தக் கோடுகளுக்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது.

வறண்ட வாய்

ரத்தம் எடுப்பதற்கு டாக்டரோ நர்ஸோ வேண்டும். நடுச்சாலையில், நடுராத்திரியில் அது நடக்கிற காரியமா? சிறுநீரைப் பிடித்துத் தரச் சொல்லலாம். சாலை ஓரத்தில் பெண்களிடம் அதைக் கேட்க முடியுமா? அதோடு, போன வாரம் நடந்ததைத்தான் சிறுநீர் சொல்லும். இப்போது நடப்பதைச் சொல்லாது. நாம் குருமாவுக்கு அரைக்கிற கசகசாகூடச் சிறுநீரில் அபின் சாப்பிட்டவர் மாதிரிக் காட்டிவிடும். வீட்டில் ஆக்கிப்போட்ட குருமாவுக்காகக் குடும்பத் தலைவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக முடியுமா?

ஆகவேதான் எச்சில். அதில் ஓர் அனுகூலம் உண்டு. அண்மையில் புகைத்தவரைப் பெரும்பாலும் அது காட்டிக்கொடுக்கும். ஆனால் அங்கே கிடைக்கிற டி.எச்.சி. பெரும்பாலும் ரத்தத்திலிருந்து வந்தது அல்ல. புகைக்கும்போது வாயில் படிந்தது. ஆகவே வாயில் அதிகம் இருந்தால் மூளையிலும் அதிகம் என்று சொல்வதற்கில்லை. இன்னொரு தொந்தரவும் இருக்கிறது. கஞ்சா வாயை உலர்த்திவிடும். மெதாம்பெட்டமின் என்ற உற்சாக மருந்தும் அப்படியே. ஆஸ்திரேலியாவில் இதற்கு ‘ஐஸ்’ என்று செல்லப் பெயர். சோதனைக்கு எச்சில் வேண்டும். சோதிக்கப்பட வேண்டியவர் வாயிலோ எச்சில் ஊறாது! சிலரிடமிருந்து நாலு சொட்டு வாங்குவதற்குள் போலீஸ்காரர் வாய் உலர்ந்துவிடும்.

2019-ல் சிட்னி சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் இப்படிப்பட்ட இரண்டு கருவிகளைச் சோதித்தார்கள். கஞ்சா ஆவியை இழுக்கச் செய்தவர்களின் எச்சிலைக் கருவியிலும் பார்த்தார்கள், ரசாயனச் சாலையிலும் பார்த்தார்கள். இல்லாததை இருப்பதாகக் கருவி சொன்னது 100-க்கு 5 முதல் 10 தடவை. இருப்பதை இல்லை என்று சொன்னது 9 முதல் 16 தடவை. அதாவது நிரபராதியும் மாட்டலாம், குற்றவாளியும் தப்பலாம். இதனால்தான் விக்டோரியாவில் முதல் சோதனையில் மாட்டியவரை உடனே குற்றவாளி ஆக்குவதில்லை. இரண்டாவது முறை எச்சில் எடுத்து, அதை ரசாயனச் சாலைக்கு அனுப்பி, அங்கிருந்து தாக்கல் வந்த பிறகுதான் வழக்கு. அதுவரைக்கும் அவர் என்ன நினைத்துக்கொண்டு தூங்குவார் என்பது வேறு விஷயம்.

ஒன்பது நாள் வழக்கு

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடக்கே லிஸ்மோர் என்று ஓர் ஊர். அங்கே 2016 பிப்ரவரியில் ஒரு விசித்திரமான வழக்குக்குத் தீர்ப்பு வந்தது.

ஒருவரைப் போலீஸார் நிறுத்தி எச்சில் எடுத்தார்கள். கஞ்சா இருப்பதாகத் தெரிந்தது. அவர், ‘நான் புகைத்து ஒன்பது நாள் ஆயிற்றே!’ என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார். முன்பு ஒரு தடவை இதே குற்றத்துக்கு மாட்டியபோது, புகைத்த பிறகு எத்தனை நாள் வண்டி ஓட்டக்கூடாது என்று ஒரு போலீஸ்காரரையே கேட்டாராம். ஒரு வாரம் பொறு என்று அவர் சொன்னாராம். இவர் ஒரு வாரத்துக்கு மேல் இரண்டு நாள் கூடுதலாகவே பொறுத்திருந்தார்!

மாஜிஸ்திரேட் டேவிட் ஹீல்பெர்ன் வழக்கை விசாரித்தார். அந்த மாநிலத்துச் சட்டத்தில் போதை இருந்ததா, தள்ளாடினாரா என்ற கேள்வியே இல்லை. வாயில் துளி இருந்தால் குற்றம். அவ்வளவுதான். ஆனாலும், நியாயமான காரணத்தோடு ஒருவர் மனதார ஏமாந்திருந்தால் அவரைத் தண்டிக்கலாகாது என்பது பழைய நீதி. இந்த மனிதர் போலீஸ்காரர் சொல்லை நம்பினார். நம்பியதில் தப்பு என்ன? குற்றவாளி அல்ல என்று மாஜிஸ்திரேட் விடுதலை செய்தார்.

எல்லோருக்கும் இப்படி அதிர்ஷ்டம் அடிக்காது. லிஸ்மோர் சின்ன ஊர். சுற்றிலும் கிராமங்கள். பஸ் வசதி குறைவு. லைசென்சு போனால் பலருக்கு வேலையும் போகும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட முடியாது. ஹீல்பெர்ன் 2020-ல் பதவியை விட்டு இறங்கினார். அதன் பிறகு, இந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார். தீர்ப்பு எழுதிய கை வேதனைப்பட்டிருக்கிறது என்று தெரிகிறது.

கண்ணைப் பார்த்துச் சொல்கிறவர்கள்

எச்சிலை நம்பாமல் மனிதனை நம்பினால் என்ன? அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலீஸ் போலீஸார் 1970-களில் அந்த வழியில் போனார்கள். ஊதச் சொன்னால் ஒன்றும் இல்லை, ஆளோ தள்ளாடுகிறார். இப்படிப் பலரை அவர்கள் பார்த்தார்கள். அதற்காகச் சில போலீஸ்காரர்களுக்கு டாக்டர்கள் செய்கிற சில சோதனைகளைக் கற்றுக்கொடுத்தார்கள். மொத்தம் 12 படிகள் கொண்ட சோதனை. போதை மருந்துகளை 7 இனமாகப் பிரித்து, இவர் எந்த இனத்தைச் சாப்பிட்டிருப்பார் என்று முடிவு சொல்ல வேண்டும்.

நாடி பார்ப்பார்கள், ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். ஒரு நேர்கோட்டில் காலோடு கால் ஒட்டி ஒன்பது அடி நடக்கச் சொல்வார்கள். ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்கச் சொல்வார்கள். (நம் வீட்டுப் பாட்டிமார்களை நிற்கச் சொன்னால், பாவம், அத்தனை பேரும் குற்றவாளிகள்தான்!) பிறகு இருட்டு அறைக்கு அழைத்துப்போய் விளக்கடித்துக் கண்மணியைப் பார்ப்பார்கள். அபின் வகை என்றால் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். உற்சாக மருந்து என்றால் விரியும். கஞ்சா என்றால் கண் சிவக்கும்.

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாலை ஓரத்தில் ஐந்து நிமிஷத்தில் முடிகிற வேலை அல்ல இது. ஒருவருக்கே வெகு நேரம் பிடிக்கும். அழுதவர் கண்ணும் சிவக்கும், ராத்திரி ஷிப்டு பார்த்தவர் கண்ணும் சிவக்கும். மாசாசூசெட்ஸ் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2017-ல் ஒரு தீர்ப்பு வழங்கியது. நடந்து காட்டியதையும் ஒற்றைக் காலில் நின்றதையும் போலீஸ்காரர் தாம் கண்ட சாட்சியமாகச் சொல்லலாம். கஞ்சா போதைக்கு விஞ்ஞான நிரூபணம் என்று மட்டும் சொல்லக்கூடாது என்பது அந்தத் தீர்ப்பு.

மாண்டவர்கள் சொன்ன சாட்சி

‘இவ்வளவு சங்கடம் இருந்தால் சோதனையே வேண்டாமே’ என்று சிலருக்குத் தோன்றலாம். அங்கேதான் நிதானம் வேண்டும்.

மெல்போர்னில் ஓலாஃப் டிரம்மர் என்ற ரசாயன நிபுணரும் அவருடைய கூட்டாளிகளும், ஆஸ்திரேலியாவின் மூன்று மாநிலங்களில் 1990 முதல் 1999 வரையில் விபத்தில் மாண்ட 3,398 டிரைவர்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு விபத்திலும் குற்றம் யாருடையது, மாண்டவர் ரத்தத்தில் என்ன இருந்தது என்று ஒப்பிட்டார்கள். ஒன்றும் சாப்பிடாதவரைவிட, ரத்தத்தில் டி.எச்.சி. இருந்தவர் தாமே விபத்துக்குக் காரணமாக இருக்கும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்குக்கு மேல் என்று தெரிந்தது. 5 நானோகிராமும் அதற்கு மேலும் இருந்தவர்களுக்கோ ஆறு மடங்குக்கும் மேல்! 2004-ல் இது வெளியாயிற்று. அந்த ஆண்டுதான் சாலைச் சோதனையும் தொடங்கியது.

அமெரிக்காவில் வெர்ஜீனியா பீச் என்ற நகரத்தில் வேறு விதமாக ஆராய்ந்தார்கள். விபத்தில் சிக்கிய 3,000 டிரைவர்களுக்கு மேல் சோதித்தார்கள். அதே இடத்தில் விபத்தில்லாமல் போனவர்கள் 6,000 பேரையும் சோதித்தார்கள். 2015-ல் முடிவு வந்தது. கஞ்சா சாப்பிட்டவர்களில் இள வயது ஆண்கள் அதிகம். இள வயது ஆண்கள் எப்படியும் வேகமாக ஓட்டி மோதுகிறவர்கள். அந்த வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தால், கஞ்சாவினால் விபத்து கூடியதாகச் சொல்ல முடியவில்லை! சாராயத்தின் குற்றம் மட்டும் எந்தக் கழித்தலுக்கும் மறையவில்லை.

இரண்டும் பொய் அல்ல. நேற்றுப் புகைத்தவரையும் இப்போதுதான் புகைத்துவிட்டு வந்தவரையும் ஒரே கூடையில் போட்டு எண்ணினால் விடை இப்படித்தான் குழம்பும்.

இதைப் பிரித்துப் பார்த்தது ஹாலந்து நாட்டில் நடந்த ஒரு சோதனை. 26 பேர் முன்வந்தார்கள். கஞ்சா ஆவியை இழுத்தார்கள். பிறகு உண்மையான நெடுஞ்சாலையில் 100 கிலோ மீட்டர் கார் ஓட்டினார்கள். பக்கத்து ஆசனத்தில், தன் காலடியிலும் ஒரு பிரேக்கோடு, ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்! கார் கோட்டை விட்டு எவ்வளவு இடமும் வலமும் அலைகிறது என்று அங்குலக் கணக்கைவிட நுட்பமாக அளந்தார்கள். இழுத்து 40 நிமிஷத்திலிருந்து 100 நிமிஷம் வரையில் கார் அதிகம் அலைந்தது. ரத்தத்தில் சாராயம் 0.05 சதவிகிதம் இருந்தால் எப்படி அலையுமோ ஏறக்குறைய அப்படி. நாலு மணி நேரம் கழித்து ஓட்டியபோது அவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை. 2020 டிசம்பரில் இது வெளியாயிற்று.

ஆக, ஆபத்து உண்டு. அது மணிக்கணக்கில் இருக்கிறது. கருவி காட்டுவதோ சிலருக்கு நாள் கணக்கில்.

நோயாளி என்ன செய்வார்?

இதற்குள் இன்னொரு சிக்கல் வந்து சேர்ந்தது. 2016-ல் விக்டோரியா அரசாங்கமே, டாக்டர் எழுதிக்கொடுத்தால் கஞ்சாவை மருந்தாகச் சாப்பிடலாம் என்று சட்டம் செய்தது. தீராத வலி உள்ளவர்கள் சாப்பிடத் தொடங்கினார்கள். ராத்திரி மருந்து, காலையில் வேலைக்குக் கார். வழியில் போலீஸ். நாக்கை நீட்டு! ஒரு கை மருந்து கொடுக்கிறது, ஒரு கை லைசென்சைப் பிடுங்குகிறது.

தூக்க மாத்திரை சாப்பிட்டவர் மட்டும் இந்த நாக்குச் சோதனையில் சிக்கவே மாட்டார். கருவி தேடுவது கஞ்சா, மெதாம்பெட்டமின், எக்ஸ்டஸி ஆகிய மூன்றைத்தான். தூக்க மாத்திரைக்காரர் கண் செருகி ஓட்டினாலும், போலீஸ்காரர் வேறு வழியில் சந்தேகப்பட்டு ரத்தம் எடுத்தால்தான் உண்டு. இதை நோயாளிகள் சுட்டிக்காட்டிக் கேட்டபோது யாராலும் சரியான பதில் சொல்ல முடியவில்லை.

டாஸ்மேனியா மாநிலத்தில், மருந்துச் சீட்டு இருந்து, தடுமாற்றமும் இல்லையென்றால் குற்றம் இல்லை என்று வைத்திருக்கிறார்கள். விக்டோரியாவிலும் 2025 மார்ச் 1 முதல் கொஞ்சம் இளக்கினார்கள். சீட்டோடு மருந்து சாப்பிட்டவர், தடுமாற்றம் இல்லாமல் ஓட்டியிருந்தால், அவருடைய லைசென்சைப் பறிப்பதா வேண்டாமா என்று மாஜிஸ்திரேட்டே யோசித்து முடிவு செய்யலாம். முன்பு பறித்தே ஆக வேண்டும்.

இன்னொரு காரியமும் அங்கே தொடங்கினார்கள். ஸ்வின்பர்ன் சர்வகலாசாலையாரைக் கொண்டு ஒரு பரீட்சை ஏற்பாடு செய்யப்பட்டது. போக்குவரத்து இல்லாத தனி ஓடுபாதை. கார் ஓட்டப்போவது, டாக்டர் சீட்டுப்படி கஞ்சா மருந்து சாப்பிடுகிற நோயாளிகள். மருந்தைச் சாப்பிடாமல் ஒரு தடவை, சாப்பிட்டுவிட்டு ஒரு தடவை. காருக்குள் கருவிகள் வைத்து, வண்டி எப்படிப் போகிறது, ஓட்டுகிறவர் கண் எங்கே பார்க்கிறது என்று குறித்துக்கொள்வது ஏற்பாடு.